கண்புரை ஆபரேஷன்: கையா, இயந்திரமா, லேசரா?

அம்மாவுக்குக் கண்புரை என்று உறுதியான அன்று, மருத்துவரிடம் பேசிய நேரத்தைவிட ஆலோசகர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அங்கிருந்த பெண் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை எங்கள் பக்கம் நகர்த்தினார். அதில் மூன்று கட்டங்கள்: சாதா, ஃபேகோ, லேசர். விலை இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது. அம்மா அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கண் விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது, லேசரே எழுதச் சொல்" என்றார்.

எனக்கு அந்தச் "சாதா" என்ற சொல் உறுத்தியது. நான்கு மாதம் முன்னால்தான் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் பெரிய மாமா அந்தச் "சாதா" ஆபரேஷனைச் செய்துகொண்டார். வரப்பில் தடுமாறி விழுந்துகொண்டிருந்த மனிதர் இப்போது தினமும் காலையில் செய்தித்தாள் படிக்கிறார். இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு படித்தது, மூன்று கண் மருத்துவர்களிடம் கேட்டது, அம்மாவின் இரண்டு கண்களையும் மாமாவின் இரண்டு கண்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியிருக்கிறது. அந்த அட்டையின் வரிசை தவறு. விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்பது இந்த ஆபரேஷனில் பொருந்தாது. எந்த முறை என்பதைப் புரையின் கடினமும், அந்தக் கண்ணின் மற்ற நிலைமைகளும், செய்பவரின் கைப்பழக்கமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

புரை என்பது கண்ணின் மேல் வளரும் படலம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்பாவைக்குப் பின்னால் பிறவியிலேயே இருக்கும் லென்ஸ்தான் மங்கிப்போகிறது. அதற்கு ஒரு மெல்லிய உறை, உள்ளே மிருதுவான சதை, நடுவில் கரு. நுங்கை நினைத்துக்கொண்டால் புரியும். இளசாக இருந்தால் விரலால் தோண்டி உறிஞ்சிவிடலாம். முற்றிவிட்டால் கத்தி வைத்தாலும் இறங்காது. கண்புரையும் அப்படித்தான். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு தேன் நிறம், கடைசியில் காப்பிக் கொட்டைபோலப் பழுப்பு. ஆபரேஷனில் எடுக்க வேண்டியது கருவையும் சதையையும் மட்டும். உறையின் பின்பக்கத்தைக் கிழிக்காமல் விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் செயற்கை லென்ஸ் உட்காரப்போவது அந்தப் பைக்குள்தான். அந்தப் பின்னுறையின் பருமன் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எந்த முறையானாலும் மருத்துவரின் திறமையெல்லாம் அதைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

என் அப்பத்தாவுக்கு 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆபரேஷனில் இந்தப் பையைக்கூட விட்டுவைக்கவில்லை. உறையோடு முழு லென்ஸையும் எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். உள்ளே வேறு லென்ஸ் வைக்கவில்லை. அசையாமல் படுத்திருக்க வேண்டும், இருமக்கூடாது என்று ஏக உத்தரவுகள். அதன் பிறகு கடைசி வரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைக் கழற்றினால் எதிரில் நிற்பது யார் என்றே தெரியாது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இலேயே கண்ணுக்குள் லென்ஸ் வைத்துவிட்டார். ஆனால் அது நம் ஊர் ஏழைக்குக் கிடைக்கும் விலைக்கு இறங்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் அரோலேப் என்ற பெயரில் சொந்தமாக லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. சுமார் நூறு டாலருக்கு இறக்குமதியாகிக்கொண்டிருந்த பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று இலவச முகாமுக்கு வருகிறவருக்கும் லென்ஸ் வைக்க முடிகிறது என்றால் அதற்கு வழி திறந்தது அந்த விலை வீழ்ச்சிதான்.

அப்பத்தா காலத்து முறையும், அதற்கு அடுத்து வந்த, பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வெட்டித் தையல் போடும் முறையும் இன்று முதல் தேர்வாக எங்கும் சொல்லப்படுவது அரிது. ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான். அட்டையில் "சாதா" என்று எழுதியிருந்தது எஸ்ஐசிஎஸ் எனப்படும் சிறு வெட்டுக் கைமுறை அறுவை. மற்றொன்று ஃபேகோ.

ஃபேகோவை 1967இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன். பல் மருத்துவரிடம் போயிருந்தபோது பல்லைச் சுத்தம் செய்ய அவர் பயன்படுத்திய ஒலியதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது. கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் கருவிழியின் ஓரத்தில் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு வெட்டு. அதன் வழியே நுழையும் ஊசிமுனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து கருவை உடைத்து, உடைத்ததை உறிஞ்சியும் விடுகிறது. பிறகு மடித்த லென்ஸைக் குழாய் வழியே உள்ளே தள்ளினால் அது தானாக விரிந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே கண் மரத்துப்போகும், ஊசி வேண்டியதில்லை. கண் சிவப்பது குறைவு. வெட்டு சின்னது என்பதால் கருவிழியின் வளைவு அதிகம் மாறாது, அந்த வளைவின் கோணலைச் சரிக்கட்டக் கண்ணாடியில் போடும் சிலிண்டர் பவரும் அதிகம் ஏறாது.

குறை எங்கே என்றால், அந்த அதிர்வில்தான். கருவிழியின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காகச் சில செல்கள் இருக்கின்றன. கருவிழியில் நீர் கோக்காமல் அதைத் தெளிவாக வைத்திருப்பது அவைதான். ஒருமுறை அழிந்தால் திரும்ப வளராதவை. புரை கடினமாக இருந்தால் இயந்திரத்தின் சக்தியைக் கூட்ட வேண்டும், நேரமும் நீளும். அந்தச் சூடும் அதிர்வும் சிதறும் துண்டுகளும் இந்தச் செல்களைத்தான் அடிக்கின்றன. கை தேர்ந்தவர் காப்பிக் கொட்டைப் புரையையும் ஃபேகோவில் எடுத்துவிடுவார். ஆனால் எல்லாக் கையும் அந்தக் கை இல்லை.

எஸ்ஐசிஎஸ்ஸில் உடைக்கும் வேலையே இல்லை. வெள்ளை விழியில் ஆறு, ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, அங்கிருந்து கருவிழிக்குள் ஒரு சுரங்கம் அமைக்கிறார்கள். வெளிவாய் குறுகல், உள்வாய் அகலம். கருவைப் பையிலிருந்து நகர்த்தி முன்னறைக்குக் கொண்டுவந்து, சுரங்கத்தின் வழியே முழுசாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். கண்ணின் உள்ளழுத்தமே சுரங்கத்தின் மேல்மூடியையும் அடிப்பகுதியையும் சேர்த்து அழுத்திக்கொள்வதால் தையல் தேவையில்லை. நேபாளத்தின் லகான் ஊரில் டாக்டர் ஆல்பிரெக்ட் ஹென்னிக் வகுத்த ஒரு வழியில், மெல்லிய ஊசியின் முனையை வளைத்து, தூண்டிலில் மீன் எடுப்பதுபோலக் கருவைக் கோத்து இழுப்பார்கள். அதன் காணொளியைப் பார்த்தேன். பழுத்துக் கறுத்த கரு ஒரு சின்னப் பருப்பைப்போல வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இதைச் "சாதா" என்று எழுத யாருக்கு மனம் வந்ததோ தெரியவில்லை. இயந்திரம் செய்ய வேண்டியதையெல்லாம் விரலே செய்கிறது. இதற்கு ஃபேகோ இயந்திரமும், ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டிய குழாய்களும் வேண்டாம் என்பதால் செலவு குறைகிறது. விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான், தரத்தில் எதையும் வெட்டவில்லை.

இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. நேபாளத்தில் 108 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் முடிவு வெளியிட்டார்கள். கைமுறையைச் செய்தவர் நேபாளத்தின் சந்துக் ருயித், ஃபேகோவைச் செய்தவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் சாங். இருவரும் தத்தம் முறையில் உலகறிந்தவர்கள். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டுச் சோதித்தபோது இரு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை. கைமுறை சராசரியாக ஒன்பது நிமிடத்தில் முடிந்தது, ஃபேகோவுக்குப் பதினைந்தரை நிமிடம். புதுச்சேரி அரவிந்தில் முற்றி முழுக்க வெளுத்துப்போன 270 புரைகளில் ஒப்பிட்டபோதும் ஆறு வாரத்தில் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதல் நாள் கருவிழி வீக்கம் ஃபேகோவில்தான் அதிகம். இந்தியா, நேபாளம், தென்னாப்பிரிக்காவில் நடந்த எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு, கண்ணாடி இல்லாத பார்வையில் மட்டும் ஃபேகோவுக்குச் சற்று முன்னிலை கொடுத்தது. கண்ணாடி போட்ட பிறகு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சின்ன முன்னிலையை நான் தள்ளிவிடவும் மாட்டேன். ஆபரேஷன் முடிந்து கண்ணாடியே போடாமல் வண்டி ஓட்ட வேண்டும் என்று நினைப்பவருக்கு அது பெரிய விஷயம். எஸ்ஐசிஎஸ் சுரங்கம் ஒரு டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) அளவுக்குச் சிலிண்டர் பவரைக் கொண்டுவந்துவிடக்கூடும். மேல்பக்கம் வெட்டாமல் காதுப் பக்கமாக வெட்டினால் இது குறையும்.

மாமா கதைக்கு வருகிறேன். "முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மூன்று வருடம் ஓட்டியவர் அவர். அப்பத்தா காலத்தில் அந்த அறிவுரைக்கு ஒரு காரணம் இருந்தது. முற்றினால்தான் முழுசாக எடுப்பது சுலபம். இன்று அது வெறும் ஆபத்து. முற்றிய புரை ஊதி, கண்ணின் நீரோட்டத்தை அடைத்து, அழுத்தம் ஏறிக் கண்ணரம்பையே கெடுத்துவிடலாம். அப்படிப் போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. மாமா அந்த எல்லைக்குப் போவதற்குள் அவரை முகாமுக்கு அழைத்துப் போனோம். அங்கே மருத்துவர் விளக்கின் ஒளிக்கீற்றை அவர் கண்ணுக்குள் செலுத்திவிட்டு என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். பாவைக்குப் பின்னால் ஒரு துண்டுக் கருப்பட்டி இருந்ததுபோல இருந்தது. "இதை உடைக்கப் போராடினால் கருவிழிதான் அடிபடும், ஐயா. கையாலேயே எடுத்துவிடுகிறேன்" என்றார் அவர். மறுநாள் காலை கட்டை அவிழ்த்ததும் மாமா முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். ரேகையைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். நகத்துக்குள் மண் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் இப்படியேவா சாப்பிட்டிருக்கிறேன்?" என்றார்.

அம்மாவின் புரை வேறு. அவருக்கு வயது 64, புரை வெளிர்மஞ்சளில்தான் இருந்தது, கரு மிருது. எதிரே வரும் வண்டி விளக்குகள் சிதறித் தெரிகின்றன என்பதுதான் குறை. இப்படிப்பட்ட புரைக்கு ஃபேகோ மிகப் பொருத்தம். இங்கே கைமுறைக்கு வாதாடுவது வீண் பிடிவாதம். ஆகவே இரண்டாவது கட்டம் என்று ஏற்கெனவே பாதி முடிவாகிவிட்டது. மீதி இருந்தது லேசர்.

லேசர் என்றதும் வெட்டே இல்லாமல் ஒளியைப் பாய்ச்சிப் புரையை ஆவியாக்கிவிடுவார்கள் என்று அம்மா நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, விளம்பரங்கள் அப்படித்தான் பேசுகின்றன. உண்மையில் இந்த ஃபெம்டோசெகண்ட் லேசர் செய்வது மூன்று வேலைகள்: கருவிழியில் வெட்டு, உறையின் முன்பக்கத்தில் வட்டத் திறப்பு, கருவில் கீறல். அதோடு அதன் வேலை முடிந்தது. அதன் பிறகு மருத்துவர் அதே ஃபேகோ முனையை உள்ளே விட்டுத்தான் புரையை எடுக்க வேண்டும். 2008இல் புடாபெஸ்ட்டில் சோல்டான் நாகி முதன்முதலாக இதை மனிதக் கண்ணில் பயன்படுத்தியபோது எதிர்பார்ப்பு பெரிதாகத்தான் இருந்தது. பிரான்சின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் சாதாரண ஃபேகோவோடு ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஃபெம்கேட் ஆய்வு, செலவு கூடியதே தவிர நோயாளிக்குக் கூடுதல் பலன் இல்லை என்று முடித்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் 785 பேரிடம் நடந்த ஆய்விலும் மூன்று மாதத்துப் பார்வை லேசருக்கும் ஃபேகோவுக்கும் ஒன்றுதான். திறமையான ஃபேகோ கைக்கு மேல் லேசர் சேர்ப்பது மிகச் சில கண்களுக்கு உதவலாம். அம்மாவின் கண் அதில் ஒன்று இல்லை என்று இரண்டாவதாகக் கேட்ட மருத்துவர் நேராகவே சொன்னார். அவருடைய மருத்துவமனையில் லேசர் இயந்திரம் இருந்தும் சொன்னார் என்பதை இங்கே நன்றியோடு எழுதுகிறேன்.

அட்டையில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஆபரேஷன் முறையையும் லென்ஸ் வகையையும் ஒரே விலையில் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் தனித்தனித் தீர்மானங்கள். தூரத்துக்கு மட்டும் பவர் கொண்ட ஒருமுனை லென்ஸை எந்த முறையிலும் வைக்கலாம். எஸ்ஐசிஎஸ்ஸிலும் மடிக்கும் லென்ஸ் வைக்க முடியும். சிலிண்டரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸும், தூரம் கிட்டம் இரண்டையும் காட்டும் பல்முனை லென்ஸும் வேண்டும் என்றால் மட்டும் ஃபேகோ பக்கம் சாய்வது நியாயம், ஏனென்றால் சின்ன வெட்டில்தான் பவர் கணக்கு துல்லியமாக நிற்கும். பல்முனை லென்ஸில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம் என்று கேட்டதும் அம்மா அதை வேண்டாம் என்றுவிட்டார். அவர் ஆபரேஷனுக்கு வந்ததே அந்த விளக்குத் தொல்லையால்தான். ஒருமுனை லென்ஸ் வைத்தார்கள், படிக்க மட்டும் கண்ணாடி.

புரையின் கடினத்துக்கு அப்பாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கண்ணழுத்த நோய்க்காக வெள்ளை விழியில் ஏற்கெனவே வடிகால் அறுவை செய்திருந்தால், அந்த இடத்தைத் தொடாத ஃபேகோ நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அப்படியே. ஊசியும் வேண்டாம், வெள்ளை விழியில் வெட்டும் வேண்டாம். கருவிழியின் உள்செல்கள் ஏற்கெனவே குறைந்திருந்து புரையும் கெட்டியாக இருந்தால் கைமுறைதான் பாதுகாப்பு. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிற ஆண்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் பாவையைச் சுற்றியிருக்கும் நிறப்படலம் (ஐரிஸ்) தளர்ந்து, ஆபரேஷன் நடுவில் பாவை சுருங்கிவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டோமே என்று சொல்லாமல் இருப்பதும் தவறு, நிறுத்திய பிறகும் அதன் விளைவு இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் எந்த முறைக்குப் போனாலும் முதலில் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது கை. மதுரை அரவிந்தில் நடந்த 79,777 ஆபரேஷன்களைத் தொடர்ச்சியாக ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கணக்கை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆபரேஷன் நடுவே சிக்கல் நேர்ந்தது ஃபேகோவில் 1.11 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ஸில் 1.01 சதவீதம். ஏறத்தாழச் சமம். ஆனால் பயிற்சியில் இருப்பவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஃபேகோவில் 4.8, எஸ்ஐசிஎஸ்ஸில் 1.46. இளம் மருத்துவர் பழகித்தான் ஆக வேண்டும், அதில் குற்றம் இல்லை. ஆனால் "எந்த முறை" என்று கேட்கிற நாம் "யார் செய்வார்கள், இந்த முறையில் இதுவரை எத்தனை செய்திருக்கிறார்கள்" என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். நான் கேட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கிருமித் தொற்றைத் தடுக்க ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் செலுத்துவீர்களா என்பதையும் கேளுங்கள். அரவிந்தில் ஆறு லட்சம் கண்களைப் பார்த்த ஆய்வில் அந்த மருந்து தொற்றை 0.07 சதவீதத்திலிருந்து 0.02க்கு இறக்கியது. லேசருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த மருந்தின் செலவு ஒன்றுமே இல்லை.

சில மாதமோ சில வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "மறுபடி புரை வளர்ந்துவிட்டது, சரியாக எடுக்கவில்லை" என்று பேச்சு கிளம்பும். விட்டுவைத்த பின்னுறை மங்குவதுதான் அது. எந்த முறையிலும் வரும். யாக் லேசரில் சில நிமிடத்தில் ஒரு சின்னத் திறப்புப் போட்டால் சரியாகிவிடும். லேசர் என்ற பெயருக்குத் தகுந்த வேலை இதுதான்.

சென்ற ஆண்டு மாமாவுக்கு இரண்டாவது கண். இந்த முறை முற்ற விடவில்லை, மங்கல் தெரிந்ததுமே வந்துவிட்டார். "போன தடவை மாதிரியே கையாலேயே எடுத்துவிடுங்கள், டாக்டரம்மா. எனக்கு இயந்திரம் வேண்டாம்" என்றார். இடையில் நெஞ்சுவலி வந்து இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. புரையும் தேன் நிறத்தில்தான் இருந்தது. மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்தக் கண்ணுக்கு அதுதான் சரி, ஐயா. இந்தக் கண்ணுக்கு இதுதான் சரி." சொட்டு மருந்து போட்டு ஃபேகோவில் எடுத்தார்கள். அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, ஊசியே போடவில்லை" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. கையால் எடுத்த வலது கண்ணுக்குச் சிலிண்டர் ஒன்றேகால். இயந்திரத்தால் எடுத்த இடது கண்ணுக்கு அரை. கண்ணாடி போட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னபோது இரண்டு கண்ணும் கடைசி வரிக்கு முந்தைய வரியை ஒன்றுபோலப் படித்தன.